இரவு ஒன்று

கிளினிக் மருந்தைத் தபாலில் அனுப்பத் தொடங்கிய கிழமை
சைக்கிளுக்கு இரண்டு ரியூப்பும் புதிதாய்ப் போட்டேன்.
காக்கி உறை, நீலப் பேனை எழுத்து.
பிரஷருக்குக் காலை ஒன்று, இரவு ஒன்று.
சீனிக்குச் சாப்பாட்டுக்கு முன்.
சில உறைகளில் மட்டும்
இரவு ஒன்று.
வேறொன்றும் இல்லை.

பரந்தனிலிருந்து முரசுமோட்டை வரை
ஒரு மாடும் இரண்டு ஆமிக்காரரும்.
பாஸைப் பார்த்தவன் பையைத் தடவினான்.
"பெஹெத்" என்றேன்.
விட்டான். அவனுக்கும் கண் சிவந்துதான் இருந்தது.

குலசிங்கம் அண்ணைக்கு வீடு ஸ்டேஷனுக்குப் பின்பக்கம்.
"கொழும்பு ரெயின் எப்பவாம் ஓடும்?"
தபால்காரனிடம் கேட்கிற கேள்வியா இது?
"ஒண்டே முக்காலுக்கு அது போகும், கட்டில் ஆடும்.
சரி போட்டுது எண்டு
மற்றப் பக்கம் திரும்பிப் படுப்பன்.
இப்ப ஒண்டே முக்காலுக்கு ஒண்டும் வருகுதில்லை.
வராததுக்கு முழிச்சுப்போறன் தம்பி."
ஷெல் அடியில் குறட்டை விட்ட மனிசன்.

ஸ்பீக்கர் கட்டின வாகனம் ஊரடங்கு சொல்லிப்போன அன்றே
பத்மலோஜினி பை கட்டிவிட்டாள்.
காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரம், அரிசி,
நெருப்புப்பெட்டி, மடித்த தறப்பாள்.
"எங்கையும் போகச் சொல்லேல்லை அம்மா,
உள்ளுக்கை இருக்கத்தான் சொன்னவை."
மகனுக்குப் பதினொரு வயது.
"தெரியும்" என்றாள்.
செருப்போடு படுக்கிறாளாம்.
படலை மட்டும் வந்து
அவன்தான் எனக்குச் சொன்னான்.

சசிரேகா சிரித்தாள்.
"குளிசை மாமிக்கு. எனக்கேன்?
லோன்காரர் வராத ஏழாவது செவ்வாய் இது!
வெயில் முகத்திலை அடிச்சும் நான் எழும்பேல்லை,
செத்துப்போனன் எண்டு
பிள்ளையள் உலுப்பிப்போட்டுதுகள்."
அன்று முழுக்க
அவளுடைய சிரிப்பைத்தான் மிதித்தேன்.

வாய்க்கால் கரையில் ஜெயகௌரி
மணி அடிக்க முன்னமே நின்றாள்.
கையெழுத்துப் போட்டபடி, குனிந்தபடி,
"இதைத் தேத்தண்ணியிலை கரைச்சால் கசக்குமோ?"
உள்ளே ஏதோ போத்தல் உருண்டது.
"முந்தி வேலைக்குப் போவார்,
பகலிலையெண்டாலும் கொஞ்சம் கண்ணயருவன்.
இப்ப அவர் படுத்தால்தான் நான் படுக்கலாம்.
அவர் படுக்கிறேல்லை."
நான் பேனையை வாங்கிக்கொண்டேன்.
மதகு வரை வந்து சைக்கிளை நிறுத்தினேன்.
திரும்பிப் போகேல்லை.
அடுத்த மாதம் அவளுடைய பொதியைக் கண்டபோது
முதலில் வந்தது நிம்மதி,
இன்னும் குடிக்கிறாளே, யாரோ குடிக்கிறார்களே என்று.
என்ன நிம்மதியோ அது.

கண்டாவளையில் ஒரு படலை பூட்டு.
வே. நவமணி. இரவு ஒன்று. முப்பது நாளுக்கு.
பக்கத்து வளவில் வேலிக்கு அங்கால் இருந்து குரல்:
"அவையை பஸ்ஸிலை ஏத்திக்கொண்டு போட்டினம்.
எந்த முகாம் எண்டு தெரியாது."
பஸ். முகாம். எந்த எண்டு தெரியாது.
இந்த மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டு
எனக்குமொரு பதினொரு வருசம்.

ஏழு நாளில் திருப்பி அனுப்பவேணும், அதுதான் விதி.
இன்றோடு பன்னிரண்டு.
பொதி அலுமாரிக்கு மேல் இருக்கிறது.
மனிசி கேட்டாள். கந்தோர் சாமான், தொடாதை என்றேன்.

நுளம்புவலைக்குள் படுத்துக்கொண்டு
வராத ரெயினை நானும் கேட்கப் பழகிவிட்டேன்.
அது போனபிறகு, அதாவது போகாதபிறகு,
எழும்பிப் பொதியை இறக்குகிறேன்.
உறையைக் கிழிப்பதில்லை.
கடதாசிக்கு மேலால்
ஒவ்வொரு குளிசையாக விரலால் எண்ணுகிறேன்.
பதினெட்டு வரை சரி. அதற்குப் பிறகு
எது எண்ணியது, எது எண்ணாதது.

திரும்ப
ஒன்று.