பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்

ராயபுரத்தில், புறநோயாளிப் பிரிவுக்குப் பின்னால்
மருந்து வரிசை திரும்புகிற மூலையில் என் மேசை.
ஒரு காலுக்கு மட்டும் மாத்திரை அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறேன்.
ஒன்பது கேள்விகள், ஆளுக்கு இருபது நிமிடம்.
ஆராய்ச்சி முடியும்வரைதான் சம்பளம்.

"இந்த நோய் இன்னும் எவ்ளோ நாள் இருக்கும்னு நெனைக்கிறீங்க?
பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

பத்து என்றார் டில்லிபாபு.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
ஜூனில் நெஞ்சைப் பிடித்தது.
இப்போது எக்கோ தாளில் குறை அதிகமில்லை,
மாடி ஏறலாம் என்று டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார்.
கொருக்குப்பேட்டையில் மூன்றாம் மாடி வீடு.
இரண்டாவது திருப்பத்தில், மீட்டர் பெட்டிகளுக்குப் பக்கத்தில்
தினமும் மூச்சு நின்றுபோகிறது.
உங்க இதயத்த வரைங்க என்று வெள்ளைத்தாள் நீட்டினேன்.
வட்டம் ஒன்று போட்டார்.
பாதியைத் தாள் கிழியக் கிழியக் கறுப்பாக்கினார்.
"இந்த சைடு செத்துப்பூச்சும்மா.
ரோப்புல பாதி இழை அறுந்துகீதுன்னா
எவனாவது லோடு தூக்குவானா?"
பாதியெல்லாம் அறுந்துபோகவில்லை என்கிறது தாள்.
மூச்சுக்குத் தாள் படிக்கத் தெரியாது.

ரோசாலி, காசிமேடு, வஞ்சிரம் வெட்டுகிறவள்.
சர்க்கரை முந்நூற்றுப் பத்து.
"பூஜ்யம் போடு" என்றாள்.
"தாகம் எடுக்கிற அன்னிக்குத்தான் எனக்கு சுகரு. இன்னிக்கு இல்ல."
தூக்கம்?
"மீன் வண்டி மேல ஏறுனாக்கூட எழுந்திருக்க மாட்டேன்."
சிரித்தாள். அந்த வாரம் நான் பார்த்ததிலேயே
நலமான முகம் அதுதான்.
மேசைக்குக் கீழே
அவள் வலது காலின் சுண்டுவிரலில்
மூன்று வாரத்துக் கட்டு.

எண்ணூரிலிருந்து வந்த அமிர்தவல்லி
ஒன்பதாவது கேள்விக்கு வாயே திறக்கவில்லை.
எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்?
முந்தானையை அவிழ்த்து
ஒரு பொட்டலத்தை வைத்தாள்.
உள்ளே சாம்பல், மை போல நுணுக்கமாக.
"காலையில ஜன்னல்ல தொடச்சது. நேத்தும் தொடச்சேன்."
அவள் சீட்டில் பேனாவால்: பதற்றம், பக்கத்தில் கேள்விக்குறி.
என் படிவத்தில் பதிலுக்கு இருப்பது ஒரே ஒரு கோடு.
பொட்டலத்தைப் படிவத்தோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்தேன்.
கணினியில் அதை
'நோயாளியின் நம்பிக்கை' என்ற கட்டத்தில்தான் ஏற்ற முடியும் என்றார்கள்.
ஏற்றினேன்.
விசைப்பலகையில் கொஞ்சம் சிந்திவிட்டது.

மூன்று மாதம் கழித்து மறுபடி அதே கேள்விகள்.
ரோசாலியின் போனை மகன் எடுத்தான்.
விரலை எடுத்துட்டாங்க என்றான்,
அம்மா நல்லாத்தான் இருக்கு, தூங்குது.

டில்லிபாபு ஏழு என்றார்.
நான் ஏன் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.
"ரெண்டு நாளா தண்ணி இல்ல. ராத்திரி லாரி வந்துச்சு, கரண்டும் இல்ல.
ரெண்டு கொடத்தத் தூக்கினு கிடுகிடுன்னு ஏறிட்டேன்.
கதவாண்ட போயிதான் நெனப்பு வந்துச்சு, நமக்கு நெஞ்சு நோவாச்சேன்னு.
அப்பால குந்திகினு
அரைமணி நேரம் மூச்சு வாங்கினேன்."
வட்டத்தை வரையச் சொன்னேன்.
கறுப்பு இம்முறையும் இருந்தது, பாதிக்குச் சற்றுக் குறைவாக.
"இழை அறுந்தது அறுந்ததுதாம்மா" என்றார்.
கிளம்பும்போது திரும்பி,
"உன் கேள்வியில தண்ணி லாரி வருதா?"

வரவில்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்.