எடைமேடைக் கணினி

புதுவயல் அரிசி ஆலையில்
எடைமேடைக்கு ஒரே கணினி.
பகலுக்குச் சிகப்பி, இரவுக்கு நான்.
ஐந்தே முக்கால் பஸ்ஸில் அவள் காரைக்குடி போய்விடுவாள்,
ஆறுக்கு நான் வண்டியை நிறுத்துவேன்.
சாவி வாட்ச்மேன் கையில்.
எட்டு மாதம், முகம் பார்த்ததில்லை.

வந்த புதிதில் திரை முழுக்க நீலம்.
கம்பெனிக்காரன் விட்ட நீலம்,
ஆஸ்பத்திரித் திரைச்சீலை போல
யாருக்கும் சொந்தமில்லாதது.
இரவு இரண்டு மணிக்கு அது கண்ணில் ஊசி குத்தும்.
நெல் லாரி மேடையேறி நிற்க,
டிரைவர் கண்ணாடியைத் தட்ட,
நிமிர்ந்தால் லாரியே நீலமாகத் தெரியும்.

அமைப்புகளுக்குள் புகுந்து துழாவினேன்.
சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு,
பூஜ்யத்திலிருந்து இருநூற்று ஐம்பத்தைந்து வரை.
நான் அறிந்த கணக்கு வேறு:
பார வண்டியில் வெற்று வண்டியைக் கழித்தால் நெல்.
இங்கே கழிக்கக் கழிக்க
இருட்டு.
மூன்றையும் முப்பதுக்கு இறக்கினேன்.
உமிச்சாம்பல் வந்தது.
எழுத்துக்குப் புழுங்கல் அரிசியின் மங்கல் மஞ்சள்.
அன்று கண் எரியவில்லை.

மறுநாள் மாலை திறந்தால்
தலைப்பட்டை எல்லாம் அரக்கு,
அதன் அடியில் கடுகு மஞ்சளில் மெல்லிய கோடு.
கண்டாங்கி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது கணினி.
கோபம் வந்தது, கூடவே சிரிப்பும்.
சாம்பலுக்குத் திரும்பினேன்.
கோட்டை மட்டும் அழிக்கவில்லை.

அப்புறம் இதே வேலை.
அவள் பின்புலத்தை மோராக்குவாள்,
நான் அதில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவேன்.
நான் பொத்தான்களுக்கு வேப்பங்கொழுந்து வைத்தால்
மாலைக்குள் இலை முற்றியிருக்கும்.
ஒருநாள் தேர்ந்தெடுத்த வரி
ரத்தச் சிவப்பில் கத்தியது.
பதிவைப் புரட்டினேன்:
காலை பதினொன்றுக்கு ஒரு லாரியில் நாற்பது கிலோ குறைவு,
ஓரத்தில் முதலாளியின் கேள்விக்குறி, இரண்டு.
சிவப்பை ஆற்றி ஆற்றி
இளநீர் வழுக்கை நிறத்துக்குக் கொண்டுவந்தேன்.
அதை அவள் தொடவில்லை.
ஐந்து நாள்.

'பேருதான் சிகப்பி, ஆளு கருப்பு' என்றார்
வாட்ச்மேன் ஆண்டிச்சாமி, டீயை நீட்டியபடி.
நான் கேட்கவில்லை.

தை மாதம் முதலாளியின் மருமகன் வந்தான்.
'ஒரே திரைக்கு ரெண்டு பேர் ஏன் மல்லுக்கட்டுறீங்க?'
பத்தே நிமிடம்.
அவளுக்கொரு கணக்கு, எனக்கொரு கணக்கு,
தனித்தனிக் கடவுச்சொல்.
நல்லவன், கைகுலுக்கிவிட்டுப் போனான்.

இப்போது என் சாம்பல் எனக்கு.
விட்ட இடத்திலேயே நிற்கிறது.
இளநீர் வழுக்கை அவள் பக்கம் போயிற்றா,
யாரிடம் கேட்பது?
ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது,
வண்ணச் சக்கரத்தையே நான் திறக்கவில்லை என்று.
கண்ணுக்கு ஒரு குறையுமில்லை.

உள்ளே நுழையும் முன் ஒரு திரை வரும்,
இரண்டு பேருக்கும் பொது.
மாற்ற அனுமதியில்லை, அதே கம்பெனி நீலம்.
அதில் பெயருக்கு ஒன்றாய் இரண்டு வட்டங்கள்:
சிகப்பி. சேவுகன்.
என் வட்டத்தில் படம் வைக்கலாம் என்றது.
படம் வைக்கவில்லை.
அரக்கை வைத்தேன், நினைவிலிருந்து,
அடியில் கடுகு மஞ்சளில் ஒரு கோடு.

திங்கள் மாலை அவள் வட்டம் அப்படியே இருந்தது.
செவ்வாயும்.
புதன் லேட்டாகிவிட்டது, மழை,
சட்டையைப் பிழிந்தபடி திரையை எழுப்பினேன்.
சாம்பல்.
என் சாம்பல் இல்லை, முப்பது இருக்காது,
முப்பத்தைந்து, நாற்பது,
நனைந்து காய்ந்த உமி மாதிரி
ஒரு பொட்டு வெளுப்பு.

மேடையில் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.