நக்கலும் கடியும்

விடிகாலை நாலேகால். கடலூர் முதுநகர்த் துறைமுகம்.
ஏலக்குரல் எழும் முன்பே பூனைகள் வந்துவிடும்.
அவற்றின் பின்னால் நான்,
ஊசி, பஞ்சு, ஒரு பழைய துண்டு,
தேசிங்கு கடனாய்த் தந்த இரண்டு கை ஐஸ்.

"மனுசனுக்கு ரத்தம் எடுக்கவே ஆளில்ல,
பூனைக்கு எடுக்க வந்துட்டாங்க" என்பார் அஞ்சலாட்சி.
சொல்லிக்கொண்டே பிடரியைப் பிடித்துத் தருவார்,
கல்லூரியில் பயின்ற என்னைவிட ஒழுங்காக.

நான் தேடுவது இரண்டு வைரஸ்.
ஒரே குலம், வேறு குணம்.
ஒன்று கடியில் போகும்:
மீன்தலைக்கும் பெட்டைக்கும்
ராவெல்லாம் அலறிப் புரளும் கடுவன்கள்
பல்லால் கைமாற்றுவது.
மற்றது நக்கலில் போகும்:
தாய் குட்டியை, அக்காள் தங்கையை
வெயிலில் கிடந்து காது துடைக்கையில்
எச்சிலோடு எச்சிலாய்.

சொன்னேன்.
கவலை மீனைக் கூறு கட்டிய கை நின்றது.
"சண்ட போட்டாலும் வரும், கொஞ்சினாலும் வரும்னு சொல்லு.
எங்க வீட்டுக் கதைதான்."

உயிரெல்லாம் மூலத்திலிருந்து நகல் எடுக்கும்.
இந்தக் குலம் நகலோடு வந்து
மூலத்தைத் திருத்தும்.
விருந்தாளி சாப்பிட்டுவிட்டுப் போனால் சரி,
இது ரேஷன் கார்டில் பெயர் சேர்த்துக்கொள்கிறது.
பிறகு அந்தச் செல் பெருகும்போதெல்லாம்
இதற்கும் சேர்த்தே அரிசி.

ஒருமுறை ஆல்பேட்டைச் சாவடியில்
பெட்டியைத் திறக்கச் சொன்னார் போலீஸ்காரர்.
புதுச்சேரியிலிருந்து வரும் பெட்டியில் வேறென்ன இருக்கும்?
குப்பிகளைக் கண்டு முகம் மலர்ந்தது,
முகர்ந்ததும் வாடியது.
எதிர்ப்புச் செல்களும் அவரைப் போலத்தான்.
பாட்டிலோடு வருபவனைப் பிடித்துவிடும்.
வயிற்றில் ஊற்றிக்கொண்டு வருபவனை
எந்தச் சாவடி என்ன செய்ய?

பதினேழாம் பூனை,
காது கிழிந்த சாம்பல் பெட்டை.
வலைக்காரர்கள் வைத்த பெயர் மேஸ்திரி.
ஆடியில் எடுத்த சொட்டுக்கு
பட்டையில் நீலப்புள்ளி, பளிச்சென்று.
நக்கல் வைரஸ்.
குற்ற உணர்வில் அரைக்கூறு கவலை வாங்கிப் போட்டேன்.
"செத்துடுமா?" என்றார் தேசிங்கு.
தெரியாது என்றேன்.
படித்தவள் சொல்கிற பதிலா என்பதுபோல்
ஐஸை ஓங்கிக் குத்தினார்.

ஐப்பசியில் மூன்றாம் எண் கூண்டு ஏறியது.
படகெல்லாம் உப்பனாற்றில் கட்டிக் கிடந்தன.
என் பதிவேட்டில் பதினோரு பூனைகள்
அதற்குப் பின் வரவில்லை.
மேஸ்திரி வந்தது, வயிறு தொங்க.
அதே பிடரி, அதே அஞ்சலாட்சி.
பட்டையில் புள்ளி இல்லை.
இன்னொரு பட்டை.
இல்லை.

ஆடிக்கும் ஐப்பசிக்கும் நடுவே
அந்த ஒல்லி உடம்புக்குள்
யாருக்கும் கேட்காமல் ஏதோ நடந்து முடிந்திருக்கிறது.
முடிந்ததா?
ஆய்வகத்தில் முப்பத்து நாலாம் சுற்றில்
வரைகோடு மெல்ல எழும்பியது.
கார்டில் பெயர் இருக்கிறது,
அரிசி வாங்க ஆள் வருவதில்லை.
'பின்வாங்கிய தொற்று' என்று எழுதுவோம்.
எத்தனை நாளைக்கு என்பதற்கு
அட்டவணையில் கட்டம் இல்லை.

குட்டிகள் அதன் கருப்பையில் ஒட்டியிருந்ததே,
அந்தப் பசையும்
கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்
பூனையின் பாட்டன் வம்சத்தில் பெயர் சேர்த்த
ஏதோ ஒரு வைரஸின் எழுத்து.
நான் ஒட்டியிருந்ததும் இன்னொன்றின் தயவில்.
அஞ்சலாட்சி பெற்ற நாலும் அப்படியே.
இதை அவரிடம் சொல்லவில்லை,
ஏலம் தொடங்கிவிட்டது.

கார்த்திகைக் கடைசி.
உடைந்த ஐஸ்பெட்டிக்குள் மூன்று குட்டிகள்,
கண் திறக்கவில்லை.
மேஸ்திரி ஒவ்வொன்றாய் நக்குகிறது,
தலை, முதுகு, மறுபடி தலை.
எட்டு வாரம் ஆகாமல் ரத்தம் எடுக்கக் கூடாதென்று விதி உண்டு.
நல்ல சாக்கு.
ஊசியைப் பையில் வைத்துவிட்டு
பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.