மரத்தாலான மற்றவை

கப்பல் வந்து ஒன்பது நாளாயிற்று.
பட்டர்வொர்த் துறைமுகத்தில்
நாற்பது பெட்டி துணிக் கிளிப்புகள்
ஓர் எண்ணுக்காகக் காத்துக் கிடக்கின்றன.

சூலியா தெருவிலிருந்து சீனி நைனா
காலையிலேயே மூன்று முறை கூப்பிட்டுவிட்டார்.
"கிளிப்புதானேம்மா, துப்பாக்கியா கொண்டாந்தேன்?
கெடங்கு வாடகை ஏறிக்கிட்டே போவுது."
கிளிப்புதான் பாய்.
ஆனால் கஸ்தத்தில் யாரும்
பொருளைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை.

என் மேசையில் கட்டண நூல், செங்கல் கனம்.
உலகத்தைத் தொண்ணூற்றேழு அத்தியாயமாக
நறுக்கி வைத்திருக்கிறார்கள்.
உயிருள்ள குதிரையில் ஆரம்பம்,
நூறு வயது தாண்டிய பழம்பொருளில் முடிவு.
நடுவில் எழுபத்தேழாவது மட்டும் வெறுமை.
இன்னும் பிறக்காத ஏதோ ஒன்றுக்காக
விட்டுவைத்த நாற்காலி.
பதினாறு வருடம் இந்த வேலையில் இருக்கிறேன்,
அந்தப் பக்கத்தைத் தாண்டும்போதெல்லாம்
கொஞ்சம் நின்றுதான் போகிறேன்.

புவான் நோர்ஹயாத்தி
மாதிரிப் பொட்டலத்தைப் பிரித்து
ஒரு கிளிப்பை எடுத்தார்.
கட்டைவிரலால் ஒரு தள்ளு.
கம்பிச்சுருள் துள்ளி
முத்திரை மைப்பெட்டிக்குள் விழுந்தது.
மேசைமேல் இரண்டு குச்சிகள்,
ஒன்றையொன்று தெரியாதவைபோல.

"இப்போ சொல்லுங்க,
இது மரமா, இரும்பா?"

எடைக்கு மரம் என்றேன்.
விலைக்கும் மரம்.
பார்க்கிற கண்ணுக்கும் மரம்.
"பிடிக்கிறது எது?"

விதி தெரியும் எனக்கு.
எது போனால் அது அதுவாக இருக்காதோ
அதைக்கொண்டு எண் கொடு என்கிறது விதி.
சுருள் போனால் இரண்டு குச்சி.
குச்சி போனால்
எதையும் கடிக்கத் தெரியாத ஒரு சுருள்.
விதியை எழுதியவர்கள்
துணி காயப்போட்டிருக்க மாட்டார்கள்.

நாற்பத்து நான்காம் அத்தியாயமா,
எழுபத்து மூன்றா
என்று மின்விசிறியின் கீழ் தாள்கள் படபடக்க
இன்னொரு பொட்டலத்தைத் திறந்தார்.
நகக்கண் அளவுக் கிளிப்புகள்,
தலையில் சிவப்பு இதயம் ஒட்டியவை.
"இதில் எந்தத் துணியைக் காயப்போடுவது?"
"எறும்பு வேட்டியை, புவான்."
ஒன்பது நாளில் முதல்முறை சிரித்தார்.
சிரித்துவிட்டு, அந்த எட்டுப் பெட்டியைத்
தனியாக ஒதுக்கச் சொன்னார்.

மிச்சத்துக்குக் கடைசியில் ஒரு வரி கிடைத்தது.
மரத்தாலான பிற பொருள்கள்.
அதற்குள்ளே பிறவற்றின் பிற.
மலாயில் இன்னும் சுருக்கம்:
லாயின்-லாயின்.

அந்தச் சொல்லை எனக்குத் தெரியும்.
மகளைப் பள்ளியில் சேர்த்தபோது
பாரத்தில் இனம் என்று நான்கு கட்டம்.
அவள் அப்பா கெடா சயாமியர்,
நான் பிறை தோட்டத்துக்காரி.
குமாஸ்தா பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
நானே வாங்கி
நான்காம் கட்டத்தில் கோடு போட்டேன்.
சுத்தமான கோடு,
கட்டத்தைத் தாண்டவில்லை.

மாலை ஐந்தே காலுக்கு முத்திரை விழுந்தது.
பிரித்த கிளிப்பைத் திரும்பப் பூட்ட
புவானும் நானும் முயன்றோம்.
சுருள் ஒரு பக்கம் ஏறினால்
மறுபக்கம் நழுவியது.
நாற்பது பெட்டியை விடுவித்தவர்களுக்கு
ஒன்றைச் சேர்க்கத் தெரியவில்லை.

பெரியில் வரும்போது மழை.
பதினோராவது மாடியில்
நேற்றுப் போட்ட துணி இன்னும் கொடியில்.
பிளாஸ்டிக் கிளிப்புகள் வெயிலில் நொறுங்கிப்போனதால்
போன மாதம்தான் மரத்துக்கு மாறினேன்.
எடுத்துப் பார்க்கிறேன்:
மகளின் வெள்ளைச் சீருடைத் தோளில்
இரண்டு பழுப்புக் கோடுகள்.
சுருளின் அகலம், அச்சு மாறாமல்.

எலுமிச்சை தேய்த்தேன்.
உப்புப் போட்டு ஊறவைத்தேன்.
இரும்பு தன் வாக்குமூலத்தை
வாபஸ் வாங்கவில்லை.

நாளைக்கு அந்த எட்டுப் பெட்டி விஷயமாகப்
புவானைப் பார்க்க வேண்டும்.
இதைச் சொல்லப்போவதில்லை.