அட்டை

பேட்டையில் வீடு வீடாக நின்று
"அட்டை கொண்டாங்க" என்று கூவிக் கூவி
பதினாறு வருஷமாக மின்கணக்கு எடுக்கிறவன் நான்.
பொங்கல் லீவோடு நாலு நாள் சேர்த்துப்போட்டு
புலிக்கணக்கு எடுக்க வந்திருக்கிறேன்.
இங்கே கூப்பிடாமலே வந்தது அட்டை.
கணுக்காலில் மூன்று, முழங்காலுக்குப் பின்னால் ஒன்று.
மைதீன் பிச்சை மூக்குப்பொடியை வேப்பெண்ணெயில் குழைத்து
இடுப்புவரை பூசியிருந்தார்.
அவரைத்தான் முதலில் கடித்தது.

காரையாறு அணையைப் படகில் தாண்டி
நாலு மணி நேரம் ஏறினால் முகாம்.
ஒரு கல்வீடு, சுற்றி அகழி,
அகழிமேல் ஒரே ஒரு பலகை.
பொழுது சாய்ந்ததும் பலகையை உள்ளே இழுத்துவிடுவான் ஈச்சன்,
மறு கையில் போன்,
போனுக்குள் யாரோ சிக்ஸர் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு கோடு.
காலை ஆறு மணிக்கு நடக்க வேண்டும்.
பேசக்கூடாது. தும்மினால் ஈச்சன் திரும்பிப் பார்ப்பான்.
கோட்டில் நின்று கண்ணால் கண்டதுதான் கணக்கு.

முதல் நாள்
வெடிப்பலா மரத்தடியில் முள்ளு முள்ளாய் ஓடுகள்,
சோலைமந்தி தின்று போட்டது, ஈரம்கூடக் காயவில்லை.
மேலே, இலைகளுக்கும் மேலே,
இஸ்திரிக்காரர் கரிக்கு விசிறுகிற மாதிரி
ஒரு இருவாச்சி போனது. சத்தம் மட்டும்.
படிவத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.
விலங்கியல் படிக்கிற ஜெபசெல்வி பேனாவைப் பிடுங்கி அடித்தாள்:
"'இல்லை' இல்லண்ணே, 'காணவில்லை'.
ரெண்டும் வேற."

எனக்கா தெரியாது.
மணியடித்து, கதவைத் தட்டி, பக்கத்து வீட்டில் விசாரித்து,
'வீடு பூட்டு' என்று எழுதிவிட்டுப் படி இறங்கும்போது
உள்ளே குக்கர் விசில் அடிக்கும்.

இரண்டாம் நாளும் காணவில்லை.
அன்றைக்கு மழை வேறு. அரிசி ஒருபக்கம் வெந்து
ஒருபக்கம் வேகாமல்
ஊறுகாயை வைத்துத் தின்றோம்.

மூன்றாம் ராத்திரி
தண்ணீர்க் குழாய் முறிகிற சத்தத்தில் விழித்தேன்.
அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.
பச்சைத் தழையும் சாணமும் கலந்த வாடை
ஜன்னல் கம்பி வழியாக வந்து அறையில் உட்கார்ந்துகொண்டது.
அகழிக்கு அந்தப்புறம் இருட்டில் ஒரு இருட்டு.
அதன் வயிற்றுக்குள் பாறை உருள்கிறது.
"வே, மூச்ச விடுதீரே, நிப்பாட்டும்" என்றார் மைதீன் பிச்சை
என் காதுக்குள், குறட்டையை விடச் சத்தமாக.
ஈச்சன் போனைக் கவிழ்த்து வைத்தான்.
அன்றைக்குத்தான் அதை அவன் கவிழ்த்துப் பார்த்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.
அது போனதையும் நாங்கள் பார்க்கவில்லை.

விடிந்ததும் பலகையைப் போட்டு வெளியே வந்தால்
கொடியில் காயப்போட்ட என் காக்கிச் சட்டை இல்லை.
முப்பது அடி தள்ளிச் சேற்றில் கிடந்தது,
மென்று, உப்பை உறிஞ்சி, துப்பின சட்டை.
பாக்கெட்டில் மறந்து விட்ட மின்வாரிய அடையாள அட்டை
நாலாக மடங்கி,
என் முகத்தின்மேல் கொழகொழவென்று எச்சில்.
கூவாமலே வாங்கிப் பார்த்திருக்கிறது.

"இத எங்க எழுத?" என்றேன்.
"எழுத முடியாதுண்ணே. இது கோட்டுல இல்ல" என்றாள் ஜெபசெல்வி.
ஆறு நாளும் அந்தப் பத்தி காலிதான்.
அதற்கும் கணக்கு உண்டாம், கையெழுத்துப் போட்டேன்.

புது அட்டைக்கு மனு கொடுத்தபோது
'சேதமான காரணம்' என்றொரு கட்டம் இருந்தது.
மழையில் நனைந்தது என்று எழுதினேன்.

திங்கட்கிழமை, பேட்டை, மூன்றாவது சந்து.
பச்சைக் கதவு. உள்ளே தாழ்.
மணியடித்தேன். பதில் இல்லை.
நடையில் மீட்டரின் சிவப்புப் புள்ளி
மினுக், மினுக்கென்று வேகமாக அடித்துக்கொண்டிருந்தது.
யாரோ காலை மாற்றி வைக்கிற சத்தம்.
யாரோ மூச்சை நிப்பாட்டுகிறார்கள்.

இரண்டாவது தரம் கூவ வாயெடுத்து
கூவாமல்
கொஞ்ச நேரம் நின்றேன்.