ஒதுக்கப்படாத இடம்

விடியப்புறம் மூன்று மணிக்கு
என்னைக் கேளாமல் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது கணினி.
ஏழரைக்குக் கந்தோரைத் திறந்தால்
நீலத் திரையில் நல்வரவு.
ஹார்ட் டிஸ்க்கை மட்டும் காணோம்.

பிடுங்கிக் குத்தினேன்,
வயரை மாற்றினேன், துளையை மாற்றினேன்.
சின்ன விளக்கு எரிகிறது.
காதோடு வைத்தால் உள்ளே சுற்றுகிறது,
ஆள் வீட்டுக்குள் இருந்துகொண்டே
கதவு திறவாத மாதிரி.

ட்ரைவர் இல்லையாம்.
யன்னலுக்கு வெளியே நிலாவெளி பஸ்ஸுக்கும் அதே கதை:
சனம் ஏறி உட்கார்ந்துவிட்டது,
ஸ்டியரிங்கில் ஒருவருமில்லை,
முன் டயரை ஒரு மான் முகர்ந்து பார்க்கிறது.

ஒன்பதரைக்கு வழக்கு.
சாம்பல்தீவுக் காணி, பிரிவிடல்.
ஒரு தகப்பன், ஆறு பிள்ளைகள்,
இரண்டு ஏக்கர் ஒரு ரூட் பதினேழு பேர்ச்.
அளந்து கீறிய படம் முழுக்க
இந்தக் கறுப்புப் பெட்டிக்குள்.
அளவையாளர் குலசிங்கம் ஐயா வாசலில் நின்று
"பிறின்ற் எடுத்தாச்சா பிள்ளை?"
"எடுக்கிறன் ஐயா."

டிஸ்க் பட்டியலைத் திறந்தேன்.
நீளமாய் ஒரு கறுப்புப் பட்டை, கீழே எழுத்து:
ஒதுக்கப்படாத இடம்.
புதிதாய்த் தொடங்கட்டா என்று கேட்கிறது,
வலு மரியாதையாக.

கை நடுங்கியது அப்போதுதான்.
அந்தக் காணியில் நாடா பிடித்தவள் நான்.
வடமேற்கு மூலைக் கல்லை
புற்று முக்கால்வாசி விழுங்கியிருந்தது.
நடுவே கிணறு,
மூத்தவளும் கடைக்குட்டியும்
முகம் பாராமல் மாறிமாறி அள்ளுவது.
ஒருமுறை எவரோ வந்து
பற்றைக்கு வெளியே நின்றபடியே
ஆளில்லாக் காணி என்று பலகை நட்டுப் போனார்களாம்.
பலகை இப்போது
கோழிக்கூட்டுக்குக் கதவு.

இல்லை என்பதை அமுக்கினேன்.

மஞ்சள் முக்கோணம் போட்டிருந்த ட்ரைவரைக் கழற்றினேன்.
பழையதுக்குத் திரும்பும் பொத்தான்
சாம்பல் பூத்துக் கிடந்தது, அமுங்கவில்லை.
அதுசரி,
பழையதை இவர்கள் உடனே எறிவதில்லை,
பத்து நாளைக்கு ஒரு கோப்புறையில் போட்டு வைப்பார்கள்.
இன்று முதலாம் நாள்.
தோண்டினேன். இருந்தது,
போன வருடத்துத் திகதியோடு.
வழி காட்டிவிட்டு மீளத் தொடங்கினேன்.
அந்த வட்டம் சுற்றிய நேரத்துக்குள்
பஸ்ஸுக்கு ஆள் வந்து, பஸ் போய்,
மான் மட்டும் அதே இடத்தில்.

டிங் என்றது.
டிஸ்க் வந்து உட்கார்ந்தது,
எங்கும் போகாததுபோல.

ஒன்பது பத்துக்குப் படம் வெளியே வந்தது.
துண்டு நான்கு: கிணறு, பொது.
காயமுதல் சுருட்டினார் ஐயா.
கிணற்று வட்டத்தின் மை
அவர் பெருவிரலில் ஒட்டிக்கொண்டு
நீதிமன்றம் போனது.