மேல்பக்கம்

பீன்யாவில் கழித்துப்போட்ட பேக்கிங் பலகைகள்.
ஒவ்வொன்றிலும் 'மேல்பக்கம்' என்று ஓர் அம்பு.
எல்லாவற்றையும் சரிவாகப் போட்டு அறைந்தோம்,
ஆறடி உயரத்திலிருந்து கொய்யாமரம் வரை.
பனிக்கு எங்கே போவீங்க, என்றான் வீட்டுக்காரர் மகன்.
தார்ப்பாய், சோப்புத் தண்ணி, என்றாள் டெல்ஃபின்,
மணாலியிலிருந்து வந்த பழைய ஸ்னோபோர்டை
மெழுகுவத்தியால் தேய்த்தபடி.

ஏப்ரல், நாலரை மணி.
ஜீவனஹள்ளி மேல் ஆலங்கட்டி.
தகர ஷெட்டெல்லாம் ஒரே கூச்சல்.
ராம்ப் வெள்ளை.

உச்சியில் நிற்கிறாள், பலகையின் மூக்கு காற்றில்.
பாரம் பின்னங்காலில் இருக்கும்வரை
விழமாட்டாள்; போகவும் மாட்டாள்.
"கரையுதுடி!"

முன்னங்காலை அழுத்தினாள்.

நாலு விநாடி என்கிறாள் இன்னும்.
ஒன்றரை, என்கிறான் அவன்.
மணிக்கட்டு மாவுக்கட்டில் நான் வரைந்தது
ஓர் அம்பு.